எந்தக் கையில் எடுத்தீர்கள்?



சர்க்கரை நோய் என்றோ மாரடைப்பு என்றோ அழைப்பிதழில் போட்டிருந்தால் சேலம், நாமக்கல் பக்கத்தவர் கூடியிருக்கும் இந்த அரங்கு இன்னும் நிறைந்திருக்கும். ரத்தக்குழாய் அழற்சி என்ற தலைப்பைச் சொன்னபோது அமைப்பாளர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். தயக்கத்தில் நியாயம் உண்டு. இவை அரிய நோய்கள். ஒரு பொது மருத்துவர் தம் வாழ்நாளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பார்ப்பார். ஆனாலும் நான் இதையே பேச விரும்பியதற்குக் காரணம் உண்டு. இந்த நோய்களில் சில பிடிப்பது பெரும்பாலும் இருபதிலும் முப்பதிலும் இருப்பவர்களை. கைக்குழந்தைக்காரிகளை, லாரி ஓட்டிக் குடும்பம் காப்பவர்களை. நோயை முதலில் காட்டிக்கொடுக்கும் குறிகளோ, விலை உயர்ந்த கருவி எதுவும் கேட்காதவை. தொட்டால் தெரியும். தொடாமல் விடுவதால்தான் வருடக்கணக்கில் தள்ளிப்போகிறது.

நோய் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமனியின் சுவருக்கு மூன்று அடுக்குகள். வயதாக ஆக உள் அடுக்கில் கொழுப்பு படிந்து அடைப்பது எல்லோரும் கேள்விப்பட்ட கதை. இங்கே நடப்பது வேறு. நம்மைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே சுவருக்குள் புகுந்து அதைப் புண்ணாக்குகின்றன. சுவர் தடித்தால் உள்வழி குறுகுகிறது. சுவர் வலுவிழந்தால் புடைக்கிறது. உட்பரப்பு கெட்டால் ரத்தம் அங்கேயே உறைகிறது. குழாய் மிகச் சிறியதாக இருந்தால் ரத்தம் வெளியே கசிகிறது. இந்த நோய்க் குடும்பத்தின் பெரும்பாலான அறிகுறிகளும் இந்த நான்கிலிருந்து வருபவைதான். எந்த அளவுக் குழாய் என்பதை வைத்தே இன்று உலகம் இவற்றைப் பிரிக்கிறது: பெரியது, நடுத்தரம், சிறியது. அமெரிக்காவின் சேப்பல் ஹில் நகரில் கூடிய வல்லுநர்கள் 1994இல் வகுத்து, 2012இல் திருத்திய முறை அது.

பெரிய குழாயிலிருந்து தொடங்குகிறேன். நம் நாட்டில் அதைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

1908இல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் கண் மருத்துவர்கள் கூடினார்கள். கானாசாவாவிலிருந்து வந்திருந்த மிகிதோ தகயாசு, 21 வயதுப் பெண் ஒருத்தியின் விழித்திரையில் தாம் கண்ட விநோதத்தைச் சொன்னார். பார்வை நரம்பு தொடங்கும் வட்டத்தைச் சுற்றி ரத்தக்குழாய்கள் மாலை போட்டதுபோல் பின்னிக் கிடந்தன. அதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியவில்லை. அந்தக் கூட்டத்திலேயே ஒனிஷி, ககோஷிமா என்ற இருவர், தங்களிடமும் இப்படிக் கண் உள்ள நோயாளிகள் உண்டு, அவர்களுக்கு மணிக்கட்டில் நாடி இல்லை என்றார்கள். கண்ணில் ஒரு குறி, கையில் ஒரு குறி. இரண்டையும் இணைப்பது இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனி. அதிலிருந்து தலைக்கும் கைக்கும் பிரியும் கிளைகள் அடைபட்டதால்தான் கண் ரத்தத்துக்குத் தவித்தது, நாடியும் மறைந்தது. நோய்க்குத் தகயாசுவின் பெயர் நிலைத்துவிட்டது. நியாயப்படி பார்த்தால் கூட்டத்தில் எழுந்து பேசிய அந்த இருவருக்கும் பாதிப் பங்கு உண்டு. தனித்தனி மருத்துவர் தனித்தனித் துண்டைப் பார்க்கும் நோய் இது. யாராவது ஒருவர் துண்டுகளைச் சேர்க்க வேண்டும்.

ஜப்பானியரைப் பாதித்த அதே நோய் நம் நாட்டில் கொஞ்சம் வேறு முகம் காட்டுகிறது. அங்கே மேல்பக்கக் கிளைகள் அதிகம் அடைபடும். தலைசுற்றல், மயக்கம், கண் மங்கல் என்று வருவார்கள். இங்கே வயிற்றுப் பகுதி மகாதமனியும், சிறுநீரகத்துக்குப் போகும் கிளைகளும் அதிகம் சிக்குகின்றன. அங்கே ஆண்களுக்கு அரிது; இங்கே ஆண்களும் வருகிறார்கள். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பி.கே. சென்னும் அவருடைய குழுவினரும் அறுபதுகளிலேயே இதைக் கூர்ந்து பார்த்து, 1973இல் தனி நூலே வெளியிட்டார்கள். 1968இல் இந்தியாவின் முதல் இதயமாற்று அறுவையைச் செய்தவர் என்று அவரை நினைவு வைத்திருக்கிறோம். என் கணக்கில் இந்த நோயைப் பற்றி அவர் செய்த வேலை அதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

சிறுநீரகத்தின் குழாய் குறுகினால் ரத்த அழுத்தம் ஏன் எகிறுகிறது? நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. காவிரியிலிருந்து ஜேடர்பாளையத்தில் பிரியும் ராஜவாய்க்காலில் தலைப்பகுதி தூர்ந்துபோனதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைமடைக்குத் தண்ணீர் ஏறவில்லை. கடைமடைக்காரருக்கு வாய்க்கால் தூர்ந்தது தெரியாது. அணையில் தண்ணீர் குறைத்துவிட்டார்கள் என்றே நினைப்பார். கூட்டித் திறந்துவிடு என்று மேட்டூருக்கு மனு மேல் மனு போடுவார். திறந்தால் ஆறு கரை தட்டும், மற்ற வாய்க்கால்கள் உடைப்பெடுக்கும். இந்தக் கடைமடைக்கு மட்டும் அப்போதும் போதாது. குழாய் குறுகிய சிறுநீரகம் போடும் மனுவுக்கு ரெனின் என்று பெயர். அது ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. அமெரிக்காவில் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகக் குழாயை இடுக்கி போட்டு நெருக்கி இதை நிரூபித்தது 1934இல். மேட்டூர் அணை திறந்ததும் அதே ஆண்டுதான்.

இளம் மருத்துவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டு சிறுநீரகக் குழாயும் குறுகியிருக்கும்போது, எனாலாப்ரில் போன்ற வழக்கமான பிரஷர் மாத்திரைகள் அந்த மனுவை ஒரேயடியாகத் தடுத்துவிடும். அழுத்தம் இறங்கும்; கூடவே சிறுநீரகமும் வேலையை நிறுத்தும். மாத்திரை தொடங்கிய இரண்டு வாரத்தில் கிரியாட்டினின் கிடுகிடுவென்று ஏறினால் மாத்திரையைத் திட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். உள்ளே குழாய் குறுகியிருக்கிறது என்று அது சொல்லிவிட்டது.

இனி ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். இவள் ஒருத்தியல்ல, பல ஆண்டுகளில் நான் பார்த்த பலரை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். வயது இருபத்துநான்கு. வீட்டில் விசைத்தறி. ஒரு வருடமாக உடம்பு சரியில்லை. சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல், சோர்வு, இளைப்பு, கழுத்தின் ஒரு பக்கம் தொட்டால் வலி. காசநோயாக இருக்குமோ என்று படம் எடுத்தார்கள். நெஞ்சு சுத்தமாக இருந்தது. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் தானாகவே போனது, எல்லோரும் நிம்மதியானார்கள். அதன் பிறகுதான் புதிதாக ஒன்று சொல்ல ஆரம்பித்தாள்: “துணி அலசறப்ப இடக்கை அசந்து போயிடுதுங்க. கொஞ்சம் தொங்கப் போட்டு நின்னா சரியாயிடுது.” தலை பின்னும்போதும் அப்படித்தான். தறி வேலை, தூக்கம் போதவில்லை, பிள்ளையைத் தூக்குகிறாய் என்று ஆளுக்கொரு சமாதானம் சொன்னார்கள். வேலை செய்தால் வலிப்பதும் ஓய்ந்தால் விடுவதும் நரம்பு வலியின் குணமல்ல; தசைக்கு ரத்தம் பற்றவில்லை என்பதன் குணம். காலுக்கு அப்படி வந்தால் கண்டுபிடித்துவிடுகிறோம், கைக்கு வந்தால் யாருக்கும் தோன்றுவதில்லை.

அடுத்து அவள் கருவுற்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறாள். செவிலியர் இடக்கையில் பட்டையைச் சுற்றி டிஜிட்டல் மிஷினை அழுத்துகிறார். மிஷின் ‘எரர்’ காட்டுகிறது. மறுபடி அழுத்துகிறார், மறுபடி எரர். பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்து, அவசரத்தில் வலக்கைக்கு மாற்றுகிறார். 150க்கு 96 என்று வருகிறது. அட்டையில் 150/96 என்று எழுதிக் கர்ப்பகால ரத்தக்கொதிப்பு என்று மேலே அனுப்புகிறார். செவிலியர் மேல் நான் குறை சொல்ல மாட்டேன். வரிசையில் நாற்பது பேர் நிற்கிறார்கள். ஆனால் அந்த எரர்தான் நோயின் பெயர். இடக்கையில் அளக்கும் அளவுக்கு நாடி இல்லை என்று மிஷின் சொன்னதை நாம் மிஷின் கோளாறு என்று எடுத்துக்கொண்டோம். இன்னொரு நாள் இடக்கையிலேயே ஏதோ ஓர் எண் கிடைத்து 104க்கு 70 என்று எழுதியிருந்தால் இன்னும் மோசம். எல்லாம் சரியாக இருப்பதாக அவளை வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

ஆகவே இளம் வயதில் ரத்தக்கொதிப்பு என்று யார் வந்தாலும், முதல் முறை மட்டுமாவது, இரண்டு கையிலும் ஒரு காலிலும் எடுங்கள். இரு கைகளுக்கும் மேல் அளவில் பத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகிக்க வேண்டும் என்று 1990ஆம் ஆண்டு அமெரிக்க அளவுகோல் சொன்னது. 2022இல் வந்த புதிய அளவுகோல் இருபதை எல்லையாக வைக்கிறது. எண்ணைவிட முக்கியம், இரண்டையும் எடுத்தோமா என்பது. கால் நாடிக்கு இரண்டு இடங்கள்: பாதத்தின் மேல்புறம் ஒன்று, உட்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஒன்று, அதாவது சேலத்துக் கொலுசு வந்து உட்காரும் இடம். கொலுசைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டு விரலை வையுங்கள். பிறகு ஸ்டெதஸ்கோப்பைக் காறை எலும்புக்கு மேலும் கழுத்திலும் தொப்புளுக்குச் சற்று மேலேயும் வைத்துக் கேளுங்கள். குறுகிய குழாய் வழியே ரத்தம் ஓடும்போது ‘உஸ்’ என்று ஓசை வரும். சேலை மேலே வைத்தால் கேட்காது.

நம் சித்த மருத்துவ வழக்கில் ஆணுக்கு வலக்கையிலும் பெண்ணுக்கு இடக்கையிலும் நாடி பார்ப்பார்கள். தகயாசு நோயில் கைக்குப் போகும் குழாய்களில் அதிகம் அடைபடுவது இடப்பக்கத்துக் குழாய். அதிகம் பாதிக்கப்படுவது பெண்கள். பொருத்தம் தற்செயல்தான். ஆனாலும் மூன்று விரலை வைத்து நிதானமாக நாடி பிடித்த ஒரு பழைய வைத்தியர், கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி மருந்து எழுதும் என்னைப் போன்றவரைவிட முன்னதாக இதைக் கண்டுபிடித்திருக்க வாய்ப்பு உண்டு என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. அன்றிலிருந்து வீட்டு வாசலுக்கே பிரஷர் மிஷின் வருகிறது. சர்க்கரையும் பிரஷரும் உள்ள நடுத்தர வயதினரை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடு. அந்தப் பதிவேட்டில் நாற்பது வயதுக்குக் கீழ் கொதிப்பு என்று பதிவாகும் பெயர்களுக்கு மட்டும் இன்னொரு கையையும் ஒரு முறை அளந்தால் கூடுதல் செலவு எதுவும் இல்லை, ஐந்து நிமிடம் பிடிக்கும்.

சந்தேகம் வந்த பிறகு வழி உண்டு. சேலத்தில் 1986 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லுக்கு 2022 ஜனவரியில் வந்தது. ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் சி.டி. ஆஞ்சியோ எடுத்தால் எந்தக் கிளை எவ்வளவு குறுகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். நம் பக்கத்துக்காரர்கள் பலர் இன்றும் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி வேலூர் சி.எம்.சி.க்குப் போகிறார்கள். அதற்கும் காரணம் உண்டு. இந்த நோய்க்கு உலகம் முழுவதும் பயன்படும் ஓர் அளவுகோலின் ஒரு பாதி வேலூரில் உருவானது. சி.எம்.சி.யின் தேபாசிஷ் தண்டாவும் லக்னோ எஸ்.ஜி.பி.ஜி.ஐ.யின் ராம்நாத் மிஸ்ராவும் மற்ற இந்திய மருத்துவர்களும் சேர்ந்து வகுத்தது. ஐடாஸ் 2010 என்று பெயர், 2013இல் அச்சில் வந்தது. நோய் இப்போது எரிகிறதா, அணைந்திருக்கிறதா என்பதை எடை போட 44 கேள்விகள். அவற்றில் 33 இதயமும் ரத்தக்குழாயும் பற்றியவை. புதிதாக ஒரு நாடி மறைந்ததா, புதிதாக ஓசை கேட்கிறதா, கை அசந்து போகிறதா என்பவையே அதில் கனமான கேள்விகள். பெரும்பகுதியைப் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றே நிரப்பிவிடலாம். ஏழை நாட்டு மருத்துவம் உலகத்துக்குக் கொடுத்த கொடைகளில் ஒன்றாக நான் அதை மதிக்கிறேன்.

இந்தக் கேள்விகள் ஏன் தேவைப்பட்டன? ஈ.எஸ்.ஆர். என்ற பழைய ரத்தப் பரிசோதனையை நம்பி ஏமாந்ததால். ஈ.எஸ்.ஆர். ஏறியிருந்தால் எங்கோ அழற்சி இருக்கிறது என்று பொருள். இயல்பாக இருந்தால் அழற்சி இல்லை என்று பொருளல்ல. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 1994இல் வெளியிட்ட அறுபது நோயாளிகளின் ஆய்வில், நோய் அடங்கிவிட்டதாக நினைத்து அறுவை செய்தபோது எடுத்த திசுக்களில் கிட்டத்தட்டப் பாதியில் அழற்சி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. காகிதத்தில் எல்லாம் நார்மல், சுவருக்குள் தீ. அப்படி எரியும்போதே பலூனும் ஸ்டென்ட்டும் வைத்தால் சில மாதங்களில் திரும்ப அடைத்துக்கொள்ளும். முதலில் ஸ்டீராய்டு, கூடவே மெத்தோட்ரெக்சேட், மைக்கோஃபினோலேட் போன்ற மருந்துகள். அழற்சி அடங்கிய பிறகே குழாயைத் திறப்பது. இந்த வரிசை மாறினால் பணமும் போகும், குழாயும் போகும்.

தகயாசு பேசிய அதே 1908இல் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் லியோ பர்கர், வெட்டி எடுக்கப்பட்ட கால்களை மேசையில் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அவற்றுக்கு உரியவர்கள் இளைஞர்கள், கொழுப்பு படியும் வயதல்ல. தமனியும் சிரையும் சேர்ந்து அழன்று, உள்ளே ரத்தக்கட்டி அடைத்துக் கிடந்தது. வியன்னாவில் வினிவார்ட்டர் 1879இலேயே இதைப் பார்த்திருந்தாலும் பெயர் பர்கருக்குப் போயிற்று. இந்த நோயைப் பற்றி நம் பக்கத்தில் கொஞ்சம் உரக்கவே பேச வேண்டும். புகையிலை இல்லாமல் இந்த நோய் இல்லை. நம் லாரித் தொழிலிலும் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வேலையிலும் ராத்திரி கண் விழிக்க பீடிதான் துணை.

வருபவர் பெரும்பாலும் ஆண், நாற்பத்தைந்து வயதுக்குள். முதலில் உள்ளங்கால் பிடிப்பு, நடந்தால் வலி. சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை. சிலருக்குக் காலில் தோலுக்கடியில் ஒரு சிரை சிவந்து கயிறு போல் தடித்து வலிக்கும், இரண்டு வாரத்தில் மறையும், பிறகு வேறொரு இடத்தில் வரும். இந்த இடம் மாறும் சிரை வீக்கத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நோய் தன் பெயரைச் சொல்லும் நேரம் அது. பிறகு ஒரு விரல் நுனி கறுக்கும். அதற்குள் ராத்திரி வலி தொடங்கியிருக்கும். “காலைக் கட்டிலுக்குக் கீழ தொங்கப் போட்டாத்தான் கண்ணு மூடுதுங்க” என்பார். கால் தொங்கினால் கொஞ்சம் ரத்தம் இறங்குகிறது, அவ்வளவுதான். ராத்திரி முழுவதும் உட்கார்ந்தே இருந்து கால் வீங்கிப்போய் வருபவர்களும் உண்டு. வீக்கத்தைப் பார்த்து யானைக்காலுக்கு மாத்திரை கொடுத்தவர்களும் உண்டு.

கால் நோய் என்று கையை விட்டுவிடக் கூடாது. மேயோ கிளினிக்கின் எட்கர் ஆலன் 1929இல் இந்த நோய்க்காகவே ஒரு சோதனை சொன்னார். அதை இன்று செய்யும் முறை இது: நோயாளி கையை இறுக மூடட்டும். மணிக்கட்டின் இரண்டு தமனிகளையும் கட்டைவிரல்களால் அழுத்திப் பிடியுங்கள். கையை விரிக்கச் சொன்னால் உள்ளங்கை வெளுத்திருக்கும். சுண்டுவிரல் பக்கத்துத் தமனியை மட்டும் விடுங்கள். சில வினாடிகளில் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால் அந்தக் குழாய் அடைபட்டிருக்கிறது. கால் வலி என்று வந்த புகைப்பவருக்குக் கையிலும் அடைப்பு இருந்தால் பர்கர் நோய் என்ற ஐயம் பலமடங்கு உறுதிப்படும்.

இதற்கு ஸ்டீராய்டு உதவாது. அறுவை மருத்துவர்கள் நரம்பு முடிச்சை வெட்டுவார்கள், வயிற்றுக் கொழுப்புத் திரையைக் காலுக்கு இழுத்துப் போடுவார்கள். கொஞ்ச காலம் வலி குறையும். உண்மையான மருந்து ஒன்றுதான். கிளீவ்லாந்து கிளினிக்கில் ஜெஃப்ரி ஓலினும் அவர் குழுவினரும் 1990இல் வெளியிட்ட கணக்கில், புகையை முழுதாக விட்டவர்களில் கால் அல்லது விரல் வெட்ட நேர்ந்தது நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குத்தான். விடாதவர்களில் நாற்பதுக்கும் மேல். முழுதாக என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘ஒரு கட்டிலிருந்து நாலு பீடிக்குக் குறைச்சுட்டேனுங்க’ என்பது இந்த நோயில் பலன் தராது. பீடியை விட்டு வாயில் புகையிலை அடக்கினால் அதுவும் தூண்டிவிடும். வீட்டுப் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன்: திட்டாதீர்கள். வலி தாங்காமல்தான் அவர் பற்றவைக்கிறார். பற்றவைப்பதால் வலி கூடுகிறது. வலிக்கு நாங்கள் சரியாக மருந்து கொடுத்தால்தான் அந்த வட்டம் அறும். அந்தப் பங்கில்தான் நாங்கள் குறை வைக்கிறோம்.

சிறு குழாய்களுக்கு வருகிறேன். இங்கே நம் ஊரில் ஒரு பெரிய மறைப்பு இருக்கிறது: காசநோய். காய்ச்சல், இளைப்பு, சளியில் ரத்தம், நுரையீரல் படத்தில் ஓட்டை. இந்த நான்கும் இருந்தால் நம் நாட்டில் முதலில் காசநோயை நினைப்பதுதான் சரி, அதில் தவறே இல்லை. தவறு, சளியில் கிருமி கிடைக்காமலும் மருந்துக்கு மசியாமலும் இருக்கும்போது மீண்டும் அதையே நினைப்பது. கிரானுலோமேட்டோசிஸ் வித் பாலிஆஞ்சைடிஸ் என்று வாயில் நுழையாத பெயர் கொண்ட ஒரு நோய் உண்டு. முன்பு ஃபிரீட்ரிஷ் வேகனரின் பெயரால் அழைத்தார்கள். அவர் 1936இல் விவரித்தவர். நாஜிக் கட்சியில் இருந்தவர் என்பதை முன்னிட்டு 2011இல் பெயரை மாற்றினார்கள். இந்த நோயில் நுரையீரலோடு மூக்கும் காதும் சிறுநீரகமும் சேரும். மூக்கில் பொருக்கு கட்டும், ரத்தம் வரும், ஒரு காது மந்தமாகும், கண் சிவக்கும். திடீரென்று ஒரு பாதம் தொங்கிச் செருப்பு நழுவும். காது மூக்கு மருத்துவர் ஒன்றைப் பார்த்திருப்பார், கண் மருத்துவர் ஒன்றை, நெஞ்சு மருத்துவர் ஒன்றை. மூன்று சீட்டையும் ஒரே மேசையில் விரிப்பவர் யார் என்பதே கேள்வி.

அப்படி விரித்தவுடன் செய்ய வேண்டியது சிறுநீர்ப் பரிசோதனை. காகிதக் குச்சியை நனைத்துப் பார்ப்பதுதான், சில ரூபாய்ச் செலவு. ரத்தமும் புரதமும் தென்பட்டால் நாளைக்கு வா என்று அனுப்பக் கூடாது. சில வாரங்களில் சிறுநீரகம் கைவிட்டுப் போகும். வலி எதுவும் இருக்காது என்பதுதான் இதில் கொடுமை. ஆன்கா என்ற ரத்தப் பரிசோதனையும் திசுப் பரிசோதனையும் பிறகு உறுதி செய்யும். 1958இல் இங்கிலாந்தில் போட்ட கணக்கின்படி, மருந்தில்லாமல் இந்த நோயாளிகள் சராசரியாக ஐந்து மாதமே வாழ்ந்தார்கள். 1973இல் சைக்ளோபாஸ்பமைடு கொடுத்துக் காப்பாற்றலாம் என்று காட்டிய இருவரில் ஒருவர் ஆன்டனி ஃபாசி. ஆம், கொரோனா காலத்தில் தினமும் தொலைக்காட்சியில் வந்தவரேதான். இன்று ரிடுக்சிமேப் என்ற ஊசியும் இருக்கிறது; அதன் இந்தியத் தயாரிப்பு 2007இலேயே வந்து விலையைக் குறைத்தது.

குழந்தைகளைப் பற்றி இரண்டு செய்திகள். நாமக்கல் விடுதிப் பள்ளிகளின் வார்டன்கள் யாராவது இங்கே இருந்தால் நல்லது. சளி பிடித்து ஆறிய ஒரு வாரத்தில் கால்களிலும் புட்டத்திலும் செந்நிறப் புள்ளிகள், முழங்கால் வலி, முறுக்கும் வயிற்றுவலி. கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்திப் பாருங்கள். புள்ளி மறையாவிட்டால் அது பூச்சிக்கடியோ வேர்க்குருவோ அல்ல, தோலுக்கடியில் கசிந்த ரத்தம். குழந்தைகளில் மிக அதிகமாக வரும் ரத்தக்குழாய் அழற்சி இதுவே. பெரும்பாலும் தானே அடங்கும், ஆனால் ஆறு மாதம் வரை சிறுநீரைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டும். இன்னொன்று கவாசாகி நோய்: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஐந்து நாளுக்கு மேல் விடாத காய்ச்சல், பீளை இல்லாமல் சிவந்த கண், வெடித்துச் சிவந்த உதடு, பிறகு விரல் நுனியில் தோல் உரிதல். பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் இதயத் தமனி புடைக்கும் ஆபத்து நாலில் ஒன்றிலிருந்து இருபதில் ஒன்றுக்கும் குறைவாக இறங்குகிறது. அம்மை என்று வேப்பிலை கட்டிக் காத்திருந்தால் அந்தப் பத்து நாள் போய்விடும்.

நடுத்தரக் குழாய் நோயான பாலிஆர்டெரிட்டிஸ் நோடோசா பற்றி ஒரு வரி மட்டும். அதற்கு மஞ்சள்காமாலை பி கிருமி ஒரு காரணம். தடுப்பூசியும் ரத்தச் சோதனையும் பரவிய பிறகு பிரான்சில் அந்த வகை வெகுவாகக் குறைந்தது. பிள்ளைக்குப் பிறந்தவுடன் போடும் ஊசியை விட்டுவிடாதீர்கள்.

ஸ்டீராய்டு பற்றி எப்போதும் இரண்டு விதப் பேச்சு கேட்கிறேன். ஒரு பக்கம், ஸ்டீராய்டா என்று கேட்டவுடன் பயந்து பாதியில் நிறுத்துபவர்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் படுத்துவிடும், உயிருக்கே ஆபத்து. இன்னொரு பக்கம், பெயரில்லாத பொட்டலப் பொடியில் அதே ஸ்டீராய்டைத் தெரியாமல் வருடக்கணக்கில் விழுங்குபவர்கள். ‘நாட்டு மருந்து, மூட்டு வலி ஒரே நாளில் பறந்துடுச்சு’ என்றால் பொட்டலத்தைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். முறையாகக் கொடுக்கும்போது காசநோயும் மஞ்சள்காமாலை பி-யும் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்து, சர்க்கரையைக் கவனித்து, எலும்புக்குக் கால்சியம் சேர்த்து, படிப்படியாகக் குறைப்போம்.

கடைசியாக, தகயாசு நோயுள்ள பெண்களும் அவர்கள் மாமியார்களும் தவறாமல் கேட்கும் கேள்வி: பிள்ளை பெறலாமா? பெரும்பாலோர் பெறலாம். நோய் அடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், கொதிப்பு கட்டுக்குள் இருக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டும் மைக்கோஃபினோலேட்டும் கருவைக் கெடுக்கும்; முன்கூட்டியே நிறுத்தி அசதயோப்ரின் போன்றதற்கு மாற்ற வேண்டும். எனாலாப்ரில் வகை மாத்திரையும் கூடாது. தெரியாமல் கருத்தரித்துவிட்டால் பதறிப்போய் எல்லா மாத்திரையையும் தூக்கிப் போடாமல் அன்றே மருத்துவரிடம் வர வேண்டும். பிரசவம் பெரிய மருத்துவமனையில் நடக்க வேண்டும், இதய மருத்துவருக்கும் மயக்க மருத்துவருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். நடு ராத்திரியில் வலி எடுத்து ஆம்புலன்ஸ் ஏறும்போது இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இராது. அதனால் ஏழாம் மாதத்திலேயே ஒரு சீட்டு எழுதிக் கர்ப்பிணி அட்டையின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடச் சொல்கிறேன். இடக்கைக் குழாய் அடைபட்டவருக்கு இப்படி: ‘தகயாசு நோய். இடக்கையில் பிரஷர் பார்த்தால் குறைத்துக் காட்டும். வலக்கையில் மட்டும் பார்க்கவும். ஸ்டீராய்டை நிறுத்த வேண்டாம்.’